கூண்டின் உபரிச் சாவி

காலை ஏழு நாற்பது. நான் முதலில் பார்த்தது ஒரு சாமந்தி மாலை. கன்வேயரின் முனையில், இரும்புத் துண்டுகள் வந்து முட்டி நிற்கும் தடுப்பின் மேல் அது பாதி காய்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் மஞ்சள் வண்ணம் பூசிய ரோபோ, கையை மடக்கியபடி அசையாமல் நின்றது. அதன் முழங்கைக்கு மேலே குங்குமப் பொட்டு.

மாலைப் பத்திரிகை ஒன்றில் பல வருடம் துறைமுகச் சாலை விபத்துகளை எழுதியவன் நான். அடிபட்டவர்களிடம் "முதல்ல என்ன பாத்தீங்க?" என்றுதான் ஆரம்பிப்பேன். பெரும்பாலும் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்வார்கள். அறுந்த செருப்பு, லாரியின் பின்னால் எழுதியிருந்த ஒரு பெண்ணின் பெயர். அதையெல்லாம் செய்தியில் சேர்க்க மாட்டேன். பத்திரிகை மூடிய பிறகு எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. லாரிகளின் கியர் பெட்டிக்கான எஃகுத் துண்டுகளைக் கடைந்து தரும் இடம். இயந்திரக் கையேடுகளைத் தமிழில் எழுதுவதும், எச்சரிக்கைப் பலகைகளுக்கு வாசகம் தருவதும் என் பொறுப்பு. ரோபோவைச் சுற்றியிருந்த கம்பிக் கூண்டின் கதவிலும் என் வாசகம்தான் தொங்கியது: "கதவைத் திறந்தால் ரோபோ நின்றுவிடும்."

துண்டு வரும் வழியில் கிடக்கிறதே, எடுத்துவிடலாம் என்று கதவைத் திறந்தேன். ரோபோ நின்றுகொண்டுதான் இருந்தது. உள்ளே போய் மாலையை எடுக்க வலது கையை நீட்டினேன்.

அது வருவதை நான் பார்க்கவில்லை. காற்று சீறும் ஒலி கேட்டது. கீழே பார்த்தபோது இரண்டு எஃகுத் தாடைகள் என் உள்ளங்கைக்குக் குறுக்கே மூடியிருந்தன. வறுத்த வேர்க்கடலையை ஓட்டோடு நசுக்கினால் வரும் சத்தம். வலி உடனே வரவில்லை. அதற்குள் அது என்னைத் தூக்கியது. எடுத்த துண்டைக் கடைசல் இயந்திரத்துக்குள் நிமிர்த்தி வைப்பதற்காக அதன் மணிக்கட்டு பாதி வட்டம் சுழலும். என் கையையும் அப்படியே சுழற்றியது. முன்கை எலும்பு எங்கே முறிந்தது என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் கை அந்த இடத்தில் மடங்கியது.

கூண்டுக்கு வெளியே இருந்த ஆபரேட்டர் எட்வின் சிவப்புப் பொத்தானை அடித்தார். ரோபோ நின்றது. நான் கால் விரல்கள் மட்டும் தரையில் படும்படி தொங்கினேன்.

அவசரப் பொத்தானை அடித்தால் எல்லாம் விட்டுப்போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரோபோ நிற்கும், தாடை திறக்காது. பிடித்திருக்கும் கனமான துண்டு யார் தலையிலும் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, மின்சாரம் போனாலும் பிடி விடாதபடி வடிவமைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அதனால் அது என்னையும் விடவில்லை. முழங்கை வழியாக ரத்தம் சட்டைக்குள் இறங்கி இடுப்பு பெல்ட்டில் தேங்கியது.

"ஆன் பண்ணுங்கய்யா! ஆன் பண்ணாத்தான் தொறக்கும்!" என்று யாரோ கத்தினார்கள்.

"எவனாச்சும் ஆன் பண்ணீங்க, மண்டைய பொளந்துருவேன்!" என்றார் எட்வின். ஆன் செய்தால் அது விட்ட இடத்திலிருந்து தொடரும். அடுத்த அசைவு என்னைக் கடைசல் இயந்திரத்தின் கதவுக்குள் கொண்டுபோயிருக்கும். எட்வின் வாயில் ஸ்குரு டிரைவரைக் கவ்விக்கொண்டு ரோபோவின் தோள்மீது ஏறினார். காற்றுக் குழாய்கள் சேரும் இடத்தில் கையால் திறக்க ஒரு சின்னத் திருகு உண்டு. அதை அழுத்தியதும் தாடை விட்டது. நான் விழுந்தேன். வலி அப்போதுதான் வந்தது. நான் ஊளையிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

எட்வின் தன் பனியனைக் கழற்றிச் சுற்றி, என் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏறினார். எண்ணூர் விரைவுச் சாலையில் வழக்கம்போல் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வண்டி நகராமல் போனபோது, வெறும் உடம்போடு கீழே குதித்து லாரிக் கதவுகளை ஒவ்வொன்றாக அறைந்தார். "வண்டிய எடு மாமு! உள்ள ஆளு செத்துகினு கீறான்!"

சாகிறேனா என்பது எனக்கு அப்போது உறுதியாகத் தெரியவில்லை.

அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் என் சட்டையைக் கத்தரித்தார்கள். எக்ஸ்ரேயில் உள்ளங்கை, கொட்டிவிட்ட சோழிகள்போல் இருந்தது. கை அறுவை சிகிச்சை மருத்துவர் ஒரு பெண். முகத்தில் தூக்கமின்மை தெரிந்தது, குரலில் தெரியவில்லை. "நசுங்குன கையில வெட்டுக்காயத்தவிட பெரிய பிரச்சினை வீக்கம்" என்றார். தசைகளைச் சுற்றி உறை இருக்கிறது, அது விரியாது. உள்ளே வீங்கும்போது அழுத்தம் ஏறி ரத்தக் குழாய்களை நெரிக்கும். விட்டால் சில மணி நேரத்தில் கை உள்ளேயே செத்துவிடும். ஆகவே, புறங்கையிலும் முன்கையிலும் நீளமாகக் கீறித் திறந்தே விட வேண்டும். மூட மாட்டார்கள். முறிந்த எலும்புகளுக்குள் மெல்லிய கம்பிகளைச் செருகுவார்கள்.

மயக்கம் தெளிந்தபோது என் கை ஒரு கம்பத்திலிருந்து தொங்கியது, கட்டுக்கு வெளியே ஐந்து விரல் நுனிகள் தெரிந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என் நிறத்தில் இருந்தன. மற்ற மூன்றும் கத்தரிக்காய் நிறம்.

மருத்துவர் ஒவ்வொரு நகத்தையும் அழுத்தி விட்டார். அழுத்தினால் வெளுக்கும், விட்டால் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பினால் ரத்தம் ஓடுகிறது. என் மனைவி தனம் அதைப் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வேறு எதையும் செய்யவில்லை. இட்லியைப் பிட்டு வாயில் வைப்பாள், புடவையில் விரலைத் துடைப்பாள், நகத்தை அழுத்துவாள். வார்டுக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் அழுத்தினார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த, கிரேன் கொக்கியில் கால் நசுங்கியவருடைய அம்மாகூட, போகும்போதும் வரும்போதும் அழுத்திவிட்டு, "ரெண்டு நல்லா கீது. மூணு மக்கர் பண்ணுது" என்று தனத்திடம் அறிக்கை தந்தார்.

தனத்தின் தம்பி சேகர் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவன். கடலிலிருந்து நேராக வந்தான், மீன் வாடையோடு.

"இன்னா மாமா, மெஷினு பைத்தியம் புட்ச்சி கட்ச்சிட்சாமே?"

"கடிக்கல. பிடிச்சுது."

"புட்ச்சா வுடணும்ல? நம்ம தெரு நாயி கூட வுடுது." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கம்பெனி எங்க கீதுன்னு சொல்லு. அத்த நெம்பி எட்த்தாந்து நடுக்கடல்ல எறக்கிடறேன்."

என் பழைய பத்திரிகையில் என்னிடம் வேலை கற்ற ஒருவர் இப்போது வேறு இடத்தில் துணை ஆசிரியர். அவர் அழைத்தபோது தனம் போனை என் காதில் வைத்தாள். "'தொழிலாளியைத் தாக்கிய ரோபோ'ன்னு தலைப்பு வச்சிருக்கோம்ணா."

"தாக்கல" என்றேன். "எடுத்துச்சு."

"அது ரொம்பச் சப்புன்னு இருக்குண்ணா."

சப்பென்று இருப்பதையே இங்கே எழுதுகிறேன். தொழிற்சாலை ரோபோ என்பது ஒரு கை. மனிதக் கையைப் போல அதற்கும் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மடங்கும், சுழலும் இடங்கள் ஆறு. அதற்கு ஒவ்வொரு புள்ளியாகக் கற்றுத்தர வேண்டும்: இங்கே வா, இங்கே பிடி, அங்கே வை. கற்றுத்தருபவர் கையில் ஒரு பெட்டி இருக்கும். அதன் பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும் வரைதான் ரோபோ அசையும், அதுவும் மெதுவாக. பயத்தில் விட்டாலும் நிற்கும், பயத்தில் இறுக்கினாலும் நிற்கும். கற்றுத்தந்து முடித்துத் தானியங்கி நிலைக்கு மாற்றினால் முழு வேகம். அப்போது மனிதனும் அதுவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. அதற்குத்தான் கூண்டு. அதற்குக் கண் இல்லை. கன்வேயர் முனையில் ஓர் ஒளிக்கதிர் போகிறது. எது வந்து அந்தக் கதிரை மறைத்தாலும் ஒரு துண்டு வந்துவிட்டதாகப் பொருள்.

அன்று காலை அது நிறுத்தப்பட்டிருக்கவில்லை. அடுத்த துண்டுக்காகக் காத்திருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காய்ந்த மாலை கதிருக்கு மேலே கிடந்தது. அதை எடுக்கப்போன என் கை கதிரை மறைத்தது.

கதவு திறந்திருந்தும் அது ஏன் நகர்ந்தது என்பதுதான் மீதிக் கேள்வி. அதற்கான பதில் ரத்தத்தோடு வந்தது.

ஒரு பிற்பகல், பார்வையாளர் நேரம். எட்வின் தினமும் வந்துகொண்டிருந்தார். ராயபுரத்தில், சர்ச் தெருவில் வீடு. கட்டிலின் கால்மாட்டில் நிற்பார், நகங்களைப் பார்ப்பார், போவார். அன்று வெளியே நடைபாதையில் சேகர் அவரைப் பிடித்துக்கொண்டான். திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். முதல் அடி காதில். இரண்டாவது வாயில். எட்வின் கையை உயர்த்தவே இல்லை, தடுக்கக்கூட. மூன்றாவது அடியில் அவர் தலை சுவரில் மோதியது. ஒரு டிராலியிலிருந்து பாத்திரங்கள் உருண்டன. காவலாளி ஓடி வருவதற்குள் சேகர் அவர் சட்டைக் காலரைப் பிடித்து வார்டுக்குள் இழுத்துவந்து என் கட்டிலில் தள்ளினான். கம்பம் ஆடியது. என் கை ஆடியது. நான் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

"சொல்றா! மாமாகிட்ட சொல்றா! கதவு பூட்டுல சாவிய வுட்டவன் நீதானாமே? உங்க கம்பெனி கேண்டீன்ல பேசிகிறானுங்க!"

எட்வினின் கீழுதடு பிளந்திருந்தது. பேசப் பேசப் போர்வையில் சொட்டியது.

"ஆமாண்ணா. நான்தான்."

கூண்டுக் கதவில் பூட்டு என்று நாங்கள் சொல்வது ஒரு சுவிட்ச். கதவில் பொருத்திய தட்டையான இரும்புச் சாவி, கதவு மூடும்போது அந்த சுவிட்சுக்குள் நுழையும். நுழைந்தால்தான் ரோபோ ஓடும். கதவைத் திறந்தால் சாவி வெளியே வந்து ரோபோ நிற்கும். வேறொரு சாவியை அதில் செருகி வைத்தால், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே ரோபோ நம்பும்.

ஆயுத பூஜைக்கு ரோபோவையே ஆரத்தி எடுக்க வைக்க வேண்டும் என்று ஷிப்டில் எல்லோருக்கும் ஆசை. எட்வின் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து அதற்குக் கற்றுத்தந்தார்: கற்பூரத் தட்டைப் பிடித்து, சாமி படத்துக்கு முன்னால் மூன்று சுற்று. பிறகு ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தாடையில் நசுக்க வேண்டும், வண்டிச் சக்கரத்துக்கு வைப்பதுபோல. எல்லோரும் கதவைத் திறந்து உள்ளே நின்று பார்க்க வேண்டுமென்றால் சுவிட்சை ஏமாற்றியாக வேண்டும். ஸ்டோரிலிருந்து உபரிச் சாவியை வாங்கிச் செருகினார்கள். நான் அன்று விடுப்பில் இருந்தேன். ஆரத்தி பிரமாதமாக நடந்ததாம். எலுமிச்சம்பழச் சாறு மேனேஜரின் சட்டையில் தெறித்ததற்குக் கைதட்டினார்களாம்.

"முடிஞ்சதும் எடுத்துற வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

எட்வின் சேகரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "கதவு ரெண்டு பக்கமும் வாழமரம் கட்டி, சாவி மேலயே மாலைய சுத்தி, பொட்டு வச்சிட்டாங்கண்ணா. பூஜ போட்டத விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாதுன்னாங்க. அப்பறமும் யாரும் கலைக்கல. நான் வேதக்காரன். நான் போயி கையி வச்சா, பூஜைய கலைச்சிட்டான்னு ஒரு பேச்சு வரும். அவுங்களே எடுப்பாங்கன்னு வுட்டுட்டேன்."

உபரிச் சாவி செருகியிருந்ததால் கதவு முழுதாக மூடவில்லை. ஒரு விரலளவு இடைவெளி இருந்திருக்கிறது. அதன் மேல் மாவிலைத் தோரணம் தொங்கியது. தோரணத்தை ஒதுக்கித்தான் நான் உள்ளே போனேன்.

சேகரின் கை காலரிலிருந்து இறங்கியது. கடலுக்குப் போகும் முன் படகின் முகப்பில் கற்பூரம் ஏற்றாமல் கயிற்றை அவிழ்க்காதவன் அவன்.

"நம்ம சாமிக்குப் பயந்துகினவன எப்டிரா அடிக்கிறது" என்றான் கடைசியில், யாரிடமும் இல்லாமல். "அட்ச்சி முட்ச்சப்பறம் சொல்றான், பேமானி." வெளியே போனான். திரும்பி வந்தபோது பாலித்தீன் பையில் ஐஸ் கட்டி இருந்தது. "வாயில வச்சிக்கோ. துப்பாத, வார்டு கலீஜ் ஆவும்."

கட்டு மாற்றும் நாட்கள் வேறு வகை. செத்த சதையை வெட்டி அகற்றினால்தான் பக்கத்துச் சதை பிழைக்கும். மயக்கம் தருகிறார்கள், ஆனால் எழுந்ததும் வலி தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. தொங்கும் கையில் துடிப்பு ஏறும்போது, யாரோ சுத்தியலால் உள்ளிருந்து வெளியே அடிப்பதுபோல் இருக்கும். எனக்குப் பயம் சாவைப் பற்றியது அல்ல. கட்டைவிரலுக்கு எதிரே ஒரு விரலாவது மிஞ்சுமா என்பதுதான். சட்டைப் பொத்தான், பேனா, சோறு, பேருந்துக் கம்பி. எல்லாமே எதிரெதிரே இரண்டு விரல் இருந்தால் நடக்கும். ஒன்று மட்டும் இருந்தால் நடக்காது.

மூன்று விரல்களும் கத்தரிக்காய் நிறத்திலிருந்து கருப்பானபோது மருத்துவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததை அதுவரை நான் பார்த்ததில்லை.

"இந்த மூணும் போகணும். வச்சிருந்தா விஷம் ஏறும். கட்டைவிரல் நிக்கும். ஆள்காட்டி விரல்..." நகத்தை அழுத்தினார். சிவப்பு வந்தது, தாமதமாக. "சந்தேகம். உள்ள போய்ப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

"டாக்டரம்மா, என் விரல எடுத்து வைக்க முடியாதா?" என்றாள் தனம். வேடிக்கையாகச் சொல்லவில்லை. மருத்துவரும் சிரிக்கவில்லை. "அப்படி முடிஞ்சா நானே முதல்ல கேட்டிருப்பேன்மா" என்றார்.

அறுவைக் கூடத்துக்கு வெளியே தனம், சேகர், எட்வின் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு தனம் சொன்னாள். எட்வின் ஜெபமாலை உருட்ட, "எங்க ஆத்தாவுக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லிடு" என்று சேகர் கேட்டுக்கொண்டானாம்.

விழித்தபோது வாய் காய்ந்திருந்தது. தனத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் என் ஆள்காட்டி விரலின் நகத்தை அழுத்தினாள். அழுத்தியது எனக்குத் தெரிந்தது.

காயம் மூடித் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, கம்பிகளை உருவிய பிறகு, இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கை ஒரு நண்டின் கொடுக்குபோல் இருந்தது. முதல் வாரங்களில் அந்த இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தொடவே மறுத்தன. பயிற்சி தரும் பெண் தினமும் பஞ்சு உருண்டையை வைத்து, "பிடிங்கண்ணா, பிடிங்கண்ணா" என்பார். நழுவும். ஒருமுறை ஆத்திரத்தில் இடது கையால் மேசையைக் குத்தினேன். பஞ்சு உருண்டை மேசையிலேயே இருந்தது.

அன்று எட்வின் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். சேகரும் இருந்தான். கூண்டில் விசாரணை முடிந்துவிட்டது, பூட்டை மாற்றுகிறார்கள், என் வாசகப் பலகையையும் கழற்றிவிட்டார்கள் என்றார். பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். தட்டையான இரும்புத் துண்டு. ஒரு முனையில் இன்னும் மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருந்தன.

"பழைய இரும்புல போட்டாங்க. நான் எடுத்துகினு வந்தேன். உங்ககிட்ட காட்டணும்னு தோணுச்சு."

பயிற்சிப் பெண்ணுக்கு அது என்னவென்று தெரியாது. "நல்லதாப் போச்சு. பஞ்சவிட இது சுலபம். எடுங்க பாக்கலாம்" என்றார்.

கட்டைவிரலை ஒரு பக்கம் வைத்தேன். ஆள்காட்டி விரலை மறுபக்கம் கொண்டுவந்தேன். வலி தோள்வரை ஏறியது. விரல்கள் நடுங்கின, மூடின. சாவி மேசையை விட்டு எழுந்தது. அதை முகத்துக்கு நேரே வைத்திருந்தேன். எட்வின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குடு மாமா" என்றான் சேகர். விரலைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவன் அதை லுங்கி மடிப்பில் முடிந்துகொண்டான். அடுத்த முறை கடலுக்குப் போனபோது, கரை மறைந்த பிறகு தூக்கி எறிந்துவிட்டதாகச் சொன்னான்.

எந்தப் பாகம் வாங்கினாலும் கூடவே ஓர் உபரி வாங்கி வைப்பது எங்கள் ஸ்டோரின் வழக்கம். கூண்டுக்குப் புதுப் பூட்டு வந்தபோது, அதோடு இரண்டு சாவிகள் வந்தன.